குழந்தை பெத்தா மூட்டு தேயுமா? கர்ப்பம், குருத்தெலும்பு, முட்டி வலி: ஒரு விளக்கம்

பிரசவத்துக்கு அப்புறம் முட்டி வலின்னு சொல்ற பொண்ணுக்கு நம்ம வீடுகள்ல ரெண்டே ரெண்டு பதில்தான் ரெடியா இருக்கும். ஒன்னு, "புள்ள பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்". இன்னொன்னு, "உன் கால்சியம் எல்லாம் குழந்தைக்கு போயிடுச்சு, அதான் மூட்டு தேஞ்சிடுச்சு". இதுல ரெண்டாவது தப்பு. முதலாவதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா அந்த கொஞ்சம் எவ்ளோன்னு தெரியாம சொல்றதால நிறைய பேர் சரி பண்ணக்கூடிய வலியை பத்து வருஷம் பல்லைக் கடிச்சிட்டு பொறுத்துட்டு இருக்காங்க. அதனால அடிப்படையில இருந்து ஒவ்வொன்னா பாத்துடலாம்.

ஜவ்வு, ஜவ்வுன்னு சொல்றோமே, எது அது?

"ஜவ்வு தேஞ்சிடுச்சு", "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு", "ஜவ்வு விலகிடுச்சு"ன்னு மூணு விஷயத்துக்கும் நாம ஒரே வார்த்தையை பயன்படுத்துறோம், குழப்பமே இங்கதான் ஆரம்பிக்குது. முட்டிக்குள்ள மூணு வேற வேற பொருள் இருக்கு:

1. குருத்தெலும்பு, அதாவது கார்ட்டிலேஜ். எலும்போட முனையில ஒட்டியிருக்கிற வழவழப்பான உறை. ஆட்டுக்கால் சூப்புல மூட்டு முனையை உத்துப் பாருங்க, வெள்ளையா, லேசா நீலம் அடிச்ச மாதிரி, பீங்கான் மாதிரி பளபளன்னு ஒரு படலம் இருக்கும், நகத்தால அழுத்துனா கொஞ்சம் கொடுத்து திரும்ப வரும். அதுதான் இது. நம்ம முட்டியில சில மில்லிமீட்டர் தடிமன்தான்.
2. மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல பிறை வடிவத்துல இருக்கிற ரெண்டு வாஷர்.
3. தசைநார், லிகமென்ட். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டி வெச்சிருக்கிற கயிறு.

கர்ப்பத்துல தளர்றது மூணாவது. தேய்மானத்துல கெடுறது முக்கியமா முதலாவது. இந்த ரெண்டையும் போட்டு கலக்காம இருந்தாலே பாதி குழப்பம் தீர்ந்துடும்.

குருத்தெலும்புல ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. முக்காவாசி தண்ணிதான், மிச்சம் கொலாஜன்ங்கிற நாரும், அந்த நாருக்கு நடுவுல தண்ணியை இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கிற அக்ரிகான்ங்கிற பொருளும். ரத்தம் வராததால அதுக்கு சாப்பாடு மூட்டுக்குள்ள இருக்கிற வழுக்கு திரவத்துல இருந்துதான் போகுது, நாம நடக்கும்போது அமுங்கி, விடும்போது உறிஞ்சி, ஸ்பான்ஜ் மாதிரி. அதனால ஒரு தடவை நல்லா கெட்டுப்போனா தானா பழைய மாதிரி வளர்றதில்ல, அதே சமயம் அசைக்காம வெச்சிருந்தாலும் அதுக்கு நல்லது இல்ல. நரம்பு இல்லாததால குருத்தெலும்பு மெலியறது மட்டும் வலிக்காது, அதுக்கு அடியில இருக்கிற எலும்பும் சுத்தி இருக்கிற உறையும் பாதிக்கும்போதுதான் வலி தெரியுது.

ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ்னு டாக்டர் எழுதுறதை நாம மூட்டுத் தேய்மானம்னு சொல்றோம், ஆனா அது டயர் தேயுற மாதிரி வெறும் தேய்ச்சல் இல்ல. குருத்தெலும்பு மெலியும், அடியில இருக்கிற எலும்பு கெட்டியாகும், ஓரத்துல முள்ளு மாதிரி எலும்பு வளரும், மூட்டைச் சுத்தி இருக்கிற உறை வீங்கும், தொடை தசை இளைச்சுப் போகும். மொத்த மூட்டோட நோய் அது.

கால்சியம் கதை எங்க தப்பாகுது

குழந்தையோட எலும்புக்கு பிறக்கிற வரைக்கும் சுமார் 30 கிராம் கால்சியம் தேவை, அதுல பெரும்பங்கு கடைசி மூணு மாசத்துல போகுது. அதுக்கு அம்மாவோட உடம்பு செய்யுற முதல் வேலை எலும்பைக் கரைக்கிறது இல்ல, சாப்பாட்டுல இருந்து கால்சியத்தை உறிஞ்சுற அளவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஆக்குறது. தாய்ப்பால் கொடுக்கும்போதுதான் எலும்புல இருந்து நிஜமாவே கொஞ்சம் எடுக்குது, முதுகெலும்போட அடர்த்தி அந்த மாசங்கள்ல 5 முதல் 10 சதவீதம் வரைக்கும் குறையலாம். பாலை நிறுத்துன அப்புறம் 6 முதல் 12 மாசத்துல பெரும்பாலும் திரும்பி வந்துடும்.

இது எல்லாமே எலும்போட கணக்கு. மூட்டுல வழுக்கிட்டு ஓடுற குருத்தெலும்பு கால்சியத்தால கட்டுனது இல்ல, தண்ணியாலயும் நாராலயும் கட்டுனது. அதுல இருந்து எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்க அங்க கால்சியம் இருப்பே கிடையாது. எலும்பு அடர்த்தி குறையிறது ஆஸ்டியோபோரோசிஸ், மூட்டு தேயுறது ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ், பேர் பாதி ஒன்னா இருக்கிறதால ரெண்டும் ஒன்னுன்னு ஆகிடாது.

உடனே கால்சியம் மாத்திரையை தூக்கிப் போட்டுடாதீங்க. 14-வது வாரத்துல இருந்து பிரசவம் ஆகி 6 மாசம் வரைக்கும் தினமும் ரெண்டு மாத்திரைன்னு அரசாங்கமே கொடுக்கச் சொல்லுது, அது எலும்புக்கும் ரத்தக் கொதிப்பு சிக்கலைத் தடுக்கவும் அவசியம். நான் சொல்றது, முட்டி வலிக்கு அதை மட்டும் வருஷக்கணக்கா முழுங்கிட்டு வேற எதுவும் செய்யாம இருக்கிறது வீண்.

அப்போ கர்ப்பத்துல மூட்டுக்கு என்னதான் ஆகுது?

நாலு விஷயம் ஒரே நேரத்துல நடக்குது.

1. எடை. சராசரி உடல்வாகு உள்ள பொண்ணுக்கு 11.5 முதல் 16 கிலோ வரைக்கும் கூடலாம்னு 2009-ல அமெரிக்காவுல போட்ட வழிகாட்டுதல் சொல்லுது, நம்ம ஊர்ல 10-12 கிலோன்னு டாக்டர்கள் சொல்வாங்க. ஆனா முட்டிக்கு 10 கிலோங்கிறது 10 கிலோ இல்ல. சமதளத்துல நடக்கும்போதே ஒரு கிலோ எடை ஒவ்வொரு அடிக்கும் சுமார் 4 கிலோ சுமையா முட்டியில இறங்குது. படி ஏறினா இன்னும் கூட. அதுவும் பல வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏறுன எடை இல்ல, சில மாசத்துல ஏறுனது, தசை அதுக்கு ஈடா வளர நேரமே கிடைக்கல.

2. தளர்வு. 1926-ல ஃப்ரெடரிக் ஹிசாங்கிற விஞ்ஞானி, கர்ப்பமான மிருகத்தோட சீரத்தை, அதாவது ரத்தத்துல செல்லை எல்லாம் பிரிச்ச அப்புறம் மிஞ்சுற தெளிவான நீரை, கினி பன்றிக்கு ஊசி போட்டப்போ இடுப்பு முன்னெலும்பு மூட்டு தளர்றதை கவனிச்சாரு. அதுக்குக் காரணமான ஹார்மோனுக்குத்தான் ரிலாக்சின்னு பேர் வந்துச்சு. இன்னைக்கு கர்ப்பத்துல எந்த வலி வந்தாலும் பழி ரிலாக்சின் மேலதான். ஆனா மனுஷங்கள்ல ரிலாக்சின் உச்சத்துக்குப் போறது முதல் மூணு மாசம் முடியிற நேரத்துல, மூட்டுத் தளர்வும் வலியும் அதிகமாகுறது கடைசி மாசங்கள்ல. ரத்தத்துல ரிலாக்சின் அதிகமா இருக்கிறவங்களுக்குத்தான் தளர்வும் அதிகம்னு அளந்து பாத்தா அதுவும் ஒத்து வரல. முயல் திசுக்கள்ல ரிலாக்சின் கொடுத்துப் பாத்தப்போ தாடை மூட்டோட தட்டுலயும் இடுப்பு முன்னெலும்பு மூட்டுலயும் கொலாஜன் குறைஞ்சுது, முட்டி மெனிஸ்கஸ்ல பெருசா ஒன்னும் ஆகல. அதாவது ரிலாக்சின் பிரசவப் பாதையை இளக்குற வேலைக்காரன், முட்டி குருத்தெலும்பைக் கரைக்கிற அமிலம் கிடையாது. முட்டிக்கு அதனால வர்ற தொந்தரவு மறைமுகமானது: கயிறு லூசானா மூட்டு லேசா ஆடும், ஆடினா பாரம் விழ வேண்டிய இடத்துல விழாம ஓரத்துல விழும்.

3. பாதம். இதை யாரும் பெருசா பேசுறதே இல்ல. அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல 49 பொண்ணுங்களோட பாதத்தை முதல் மூணு மாசத்துலயும் பிரசவம் ஆகி அஞ்சு மாசத்துக்கு அப்புறமும் அளந்தாங்க, 2013-ல வெளிவந்த ஆய்வு. 60-70 சதவீதம் பேருக்கு பாதம் நீண்டு இருந்துச்சு, சிலருக்கு 2 மில்லிமீட்டர், சிலருக்கு 10 வரைக்கும். பாதத்து நடுவுல இருக்கிற வளைவு தாழ்ந்திருந்துச்சு, அது திரும்பல, முக்கியமா முதல் பிரசவத்துலதான் இந்த மாற்றம். பிள்ளை பிறந்த அப்புறம் பழைய செருப்பு பத்தலன்னு சொல்றவங்க சொல்றது வீக்கத்தால மட்டும் இல்ல, எலும்பு அமைப்பே மாறிடுச்சு. வளைவு தாழ்ந்தா கீழ்க்கால் உள்பக்கமா திரும்பும், அதோட முட்டியும் லேசா திரும்பும், வாழ்நாள் முழுக்க எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் அந்தக் கோணத்துலதான்.

4. ஈஸ்ட்ரோஜன். குருத்தெலும்பு செல்லுலயே ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கிற ஏற்பி இருக்கு. கர்ப்பத்துல இந்த ஹார்மோன் பல மடங்கு ஏறி, பிரசவம் ஆன சில நாள்ல சரசரன்னு இறங்கிடும். மாதவிடாய் நின்ன அப்புறம் பொண்ணுங்களுக்கு முட்டித் தேய்மானம் ஆண்களை விட வேகமா கூடுறதைப் பாத்து ஈஸ்ட்ரோஜன் மூட்டைக் காக்குதுன்னு ரொம்ப நாளா சொல்றாங்க. ஆனா அமெரிக்காவுல மாதவிடாய் நின்ன பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்து நடந்த பெரிய ஆய்வுல, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவங்களுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் கொஞ்சம் கம்மியா இருந்த மாதிரி தெரிஞ்சுது, புரோஜெஸ்டின்ங்கிற இன்னொரு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவங்களுக்கு அந்த வித்தியாசமே இல்ல. கர்ப்பங்கிறதே ஈஸ்ட்ரோஜன் வெள்ளம், அது மூட்டைக் காக்கும்னா நிறைய பெத்தவங்களுக்கு தேய்மானம் கம்மியா இருக்கணுமே, நிலைமை நேரெதிரா இருக்கு.

எத்தனை பிள்ளைக்கு எவ்ளோ ரிஸ்க்: உண்மையான எண்கள்

இந்தக் கேள்விக்கு கைல இருக்கிற பெரிய பதில் பிரிட்டன்ல இருந்து வந்தது. மில்லியன் விமன் ஸ்டடின்னு பேர், நடு வயசுல இருக்கிற 13 லட்சம் பெண்களை தொடர்ந்து கவனிச்சாங்க, யார் யாருக்கு தேய்மானத்தால மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்துச்சுன்னு. 2009-ல வந்த முடிவு: ஒவ்வொரு பிரசவத்துக்கும் முட்டி மாற்று ஆபரேஷனோட ரிஸ்க் 8 சதவீதம் கூடுது, இடுப்பு மூட்டுக்கு 2 சதவீதம்.

8 சதவீதம்னா பயமா இருக்கும், கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு பேச்சுக்கு, 100 பேர்ல 10 பேருக்கு வர்ற விஷயம்னு வெச்சுக்கங்க. ஒரு பிரசவம் கூடுனா அது 18 ஆகாது, 10.8 ஆகும். ரெண்டு கூடுனா கிட்டத்தட்ட 11.7. கூடுறது உண்மை, ஆனா அவ்ளோதான் கூடுது.

இப்போ அதே ஆய்வுல இருந்து இன்னொரு எண். உடல் பருமன் உள்ள பெண்களுக்கு, ஒல்லியா இருக்கிறவங்களோட ஒப்பிட்டா, முட்டி மாற்று ஆபரேஷன் ரிஸ்க் சுமார் 10 மடங்கு. இடுப்பு மூட்டுக்கு சுமார் இரண்டரை மடங்கு. பிரசவம் கூட்டுறது சதவீதத்துல, எடை கூட்டுறது மடங்குல. இந்த ஒரு ஒப்பீட்டை மட்டும் எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டா போதும்னு எனக்குத் தோணும்.

அதிகமா பெத்தவங்க நிலைமை வேற. அமெரிக்காவுல முட்டித் தேய்மானத்துக்குன்னே நடந்த இன்னொரு நீண்ட கால ஆய்வுல, அஞ்சும் அதுக்கு மேலயும் பெத்தவங்களை ஒரு குழந்தை உள்ளவங்களோட ஒப்பிட்டப்போ முட்டி மாற்று ரிஸ்க் ரெண்டு மடங்குக்கும் மேல இருந்துச்சு. அஞ்சு, ஆறு பெத்த நம்ம பாட்டிங்க முட்டியைப் பிடிச்சிட்டு எந்திரிச்சதுக்கு இதுல ஒரு பங்கு இருக்கலாம். ஆனா 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரி 1.8 குழந்தைதான் இருந்துச்சு. இந்தியாவுல அஞ்சு இடத்துல நடத்துன கணக்கெடுப்புல முட்டித் தேய்மானம் 28.7 சதவீதம் பேருக்கு இருந்துச்சு, அதுல ஆண்களும் அடக்கம். ஒன்னோ ரெண்டோ பெத்த அம்மாவுக்கு 45 வயசுல முட்டி தேஞ்சிருந்தா அதுக்கு பிரசவத்தை மட்டும் காரணமா சொல்ல எண்கள் இடம் கொடுக்கல.

ஏன் முட்டிக்கு மட்டும் அதிகம்?

ரத்தத்துல ஓடுற ஹார்மோன் எல்லா மூட்டுக்கும் ஒரே மாதிரிதான் போகுது. அதுதான் முக்கியக் காரணம்னா இடுப்பு மூட்டும் முட்டி அளவுக்கே பாதிச்சிருக்கணும். ஆனா பிரசவம் முட்டியை 8 சதவீதமும் இடுப்பை 2 சதவீதமும்தான் தொடுது, எடையும் முட்டியை அதிகமாவும் இடுப்பைக் கம்மியாவும்தான் தொடுது. ரெண்டுக்கும் ஒரே கைரேகை. பாரமும் பாரம் இறங்குற கோணமும்தான் பெரிய பங்குன்னு எனக்குத் தோணுறதுக்கு இதுதான் காரணம். எடையைக் கணக்குல எடுத்துக் கழிச்ச அப்புறமும் அந்த 8 சதவீதம் மிச்சம் நிக்குது, அங்கதான் தாழ்ந்த பாதமும், லூசான தசைநாரும், இளைச்ச தொடையும் வருது.

இளைச்ச தொடைன்னு சொன்னது சும்மா இல்ல. பச்ச உடம்புன்னு 40 நாள் உக்கார வெச்சு, அதுக்கு முன்னாடி கடைசி மாசங்கள்ல நடமாட்டமும் குறைஞ்சு, அப்புறம் ராத்திரி தூக்கம் இல்லாம பால் கொடுத்து, அந்தத் தொடை தசை எங்க நிக்கும்? தரையில இருந்து குழந்தையைத் தூக்கிட்டு எந்திரிக்கிற ஒரு அம்மாவை கவனிங்க. இடுப்புல குழந்தை, இன்னொரு கை தொடையில ஊன்றி, ஒரு நொடி நின்னு, மூச்சை இழுத்து, ஒரு பக்கமா சாஞ்சு எந்திரிப்பாங்க. கை ஊன்றுற அந்த இடத்துல இருக்கிற தசைதான் முட்டிச் சில்லை நேரா இழுத்துப் பிடிக்கணும், அது செய்ய வேண்டியதை கை செஞ்சிட்டு இருக்கு.

பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மூட்டு வலி எல்லாம் தேய்மானம் இல்ல

இதைக் கொஞ்சம் கவனமா படிங்க, ஏன்னா இங்க தப்பு நடந்தா விலை அதிகம். 25, 30 வயசுல, அடிபட்ட கதை எதுவும் இல்லாம, தேய்மானம் வர்றது அபூர்வம். அந்த வயசுல பிரசவத்துக்கு அப்புறம் வலி வந்தா முதல்ல இதெல்லாம் யோசிக்கணும்:

1. ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், சரவாங்கின்னு சொல்வாங்க. உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குற நோய். கர்ப்பத்துல இது பலருக்கு அடங்கி, பிரசவம் ஆன சில மாசத்துல சீறிக்கிட்டு வரும், சிலருக்கு முதல் தடவையா வர்றதே அப்போதான். கர்ப்பத்துல இது அடங்குறதை 1938-லயே ஃபிலிப் ஹென்ச்ங்கிற அமெரிக்க டாக்டர் எழுதி வெச்சாரு, அந்த வழியில தேடிப் போனதுதான் வீக்கத்தை அடக்குற கார்ட்டிசோன்ங்கிற மருந்து வரைக்கும் போய் 1950-ல அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்துச்சு. அடையாளம்: கை விரல் முட்டிகள், மணிக்கட்டு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீக்கம், காலைல ஒரு மணி நேரத்துக்கு மேல விறைப்பு. தேய்மானத்துல காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள விட்டுடும். சரவாங்கிக்கு சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா மூட்டைக் காப்பாத்தலாம், "பச்ச உடம்பு, வாய்வு பிடிச்சிருக்கு"ன்னு ஒரு வருஷம் தைலம் தேய்ச்சிட்டு இருந்தா குருத்தெலும்பு நிஜமாவே அரிச்சுப் போயிடும்.

2. கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலி. குழந்தையோட அக்குள்ல கை கொடுத்துத் தூக்கித் தூக்கி அங்க தசையை எலும்போட இணைக்கிற நாணோட உறை வீங்குறது. மூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பட்டையும் ஓய்வும் போதும், இல்லன்னா ஒரு ஊசி.

3. இடுப்பு வளைய வலி. கர்ப்பிணிகள்ல அஞ்சுல ஒருத்தருக்கு வரும், புரண்டு படுக்கும்போதும் ஒத்தக்கால்ல நின்னு உடை மாத்தும்போதும் குத்தும். பெரும்பாலானவங்களுக்கு பிரசவத்துக்கு அப்புறம் சில மாசத்துல விட்டுடும்.

4. கடைசி மூணு மாசத்துல திடீர்னு தொடை இடுக்குல வலி, கால் ஊன்ற முடியாம நொண்டுறது. அபூர்வமா இடுப்பு மூட்டு எலும்பு தற்காலிகமா பலவீனமாகுற நிலை ஒன்னு இருக்கு, அந்த நேரத்துல பாரம் போட்டா எலும்பு உடையலாம். உடனே காட்டணும்.

நம்ம கைல இருக்கிறது என்ன

கூடுன எடையைக் குறைக்கிறதுதான் முதல் வேலை, அவசரமா இல்ல, ஒரு வருஷத்துக்குள்ள. முக்கியமா அடுத்த பிரசவத்துக்கு முன்னாடி. ஒவ்வொரு பிரசவத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா தங்கி தங்கித்தான் 40 வயசுல பெரிய பாரமா ஆகி நிக்குது. அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்ங்கிற ஊர்ல நடந்த ஆய்வுல, பத்து வருஷத்துல சுமார் 5 கிலோ குறைச்ச பெண்களுக்கு வலியோட வர்ற முட்டித் தேய்மானத்தோட ரிஸ்க் பாதியா குறைஞ்சுது, 1992-ல வந்த முடிவு. வீட்ல இருக்கிறவங்களும் இதைப் புரிஞ்சுக்கணும், பால் ஊறணும்னு நெய்யும் லேகியமும் ஆறு மாசம் தாண்டியும் ஊத்திட்டே இருந்தா அந்தப் பாரம் போய் இறங்குறது அவங்க முட்டியிலதான்.

தொடை தசைக்கு ஜிம் வேண்டாம். படுத்துட்டு முட்டிக்கு அடியில ஒரு துண்டை சுருட்டி வெச்சு, துண்டை நசுக்குற மாதிரி முட்டியை கீழ அழுத்தி அஞ்சு எண்ணி விடுங்க, பத்து தடவை. குழந்தை பக்கத்துல படுத்திருக்கும்போதே செய்யலாம். அது சுலபமானா கை ஊன்றாம நாற்காலியில இருந்து எந்திரிச்சு உக்காருங்க. சிசேரியன் ஆனவங்க டாக்டர் சொன்ன அப்புறம் ஆரம்பிக்கலாம். பாதம் அளந்து புது செருப்பு வாங்குங்க, தட்டையா தேஞ்ச ரப்பர் செருப்புல நாள் முழுக்க சமையக்கட்டுல நிக்கிறது தாழ்ந்த வளைவுக்கு நல்லது இல்ல.

மாத்திரை விஷயத்துல ஒரு எச்சரிக்கை: கர்ப்பத்துல வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரையை மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடாதீங்க, 20 வாரத்துக்கு அப்புறம் அது குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிச்சு பனிக்குட நீரைக் குறைக்கலாம்னு 2020-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிச்சிருக்கு. டாக்டர்கிட்ட போகும்போது "முட்டி வலி"ன்னு மட்டும் சொல்லாம மூணு விஷயத்தை சேர்த்து சொல்லுங்க: பிரசவம் ஆகி எத்தனை மாசம், காலைல விறைப்பு எத்தனை நிமிஷம் இருக்கு, கை விரல்ல வீக்கம் உண்டா. எக்ஸ்ரே எடுக்கணுமா, ரத்தம் பாக்கணுமான்னு அவங்க முடிவு பண்ண இந்த மூணும் ரொம்ப உதவும்.